வியாழக்கிழமையின் எண்ணிக்கை

சிதம்பரம்
நவம்பர் 18

பெலி,

போன் செய்தால் "எழுதி அனுப்பு" என்பாய். கம்ப்யூட்டர் கெட்டுப்போன எல்லோரிடமும் நீ சொல்வது அதுதான்: என்ன நினைக்கிறீர்கள் என்பது வேண்டாம், என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தவள் என்று எனக்கு மட்டும் விலக்கு கிடையாது. வாட்ஸ்அப்பில் எழுதப் பயமாக இருக்கிறது. யார் படம் பிடித்து யாருக்கு அனுப்புவார்களோ. அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

பார்த்ததை எழுதுகிறேன். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பவானி என்று ஒரு பெண். இருபத்திரண்டு வயது. டெங்கு. போன வாரம் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவள் அம்மா சின்னம்மாள் பஸ்ஸில் கூட்டிவந்து எங்கள் லேபில் ரத்தம் கொடுக்க வைத்தாள். டெங்கு என்றால் ரத்தத்தில் பிளேட்லெட் இறங்குகிறதா என்று தினமும் எண்ணிப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை நாங்கள் கொடுத்த ரிப்போர்ட்டில் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் என்று இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுப் பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை வாயில் ரத்தம் வந்திருக்கிறது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எண்ணியபோது பதினோராயிரம். இப்போது தீவிர சிகிச்சையில் கிடக்கிறாள்.

எங்கள் டெக்னீஷியன் வைத்திலிங்கம், வியாழக்கிழமை மெஷினில் தான் பார்த்தது முப்பத்தோராயிரம் என்கிறார். "டாக்டருக்குப் போன் பண்ணச் சொன்னேன்" என்கிறார். முன் மேசையில் இருப்பது ஞானாம்பாள் அண்ணி, உனக்குத் தெரியும், என் வீட்டுக்காரரின் அக்கா. அண்ணி போன் செய்யும் முன்னால் கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். "இவுரு வேற யாரோடதயோ பாத்துட்டுச் சொல்றாரு" என்று விட்டுவிட்டார்கள்.

யார் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு வருஷம் முன்னால் நீ வைத்துக்கொடுத்த சர்வர்தான். ஜூன் மாதத்திலிருந்து திடீர் திடீரென்று முன் மேசைக் கம்ப்யூட்டர் எங்களை வெளியே தள்ளுகிறது, பாஸ்வேர்டை ஏற்க மாட்டேன் என்கிறது, கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடுகிறது என்று எத்தனை தடவை எழுதினேன். அன்றைக்கும் அப்படி ஆனது. சர்வருக்கு உடம்பு சரியில்லை என்றுதானே அர்த்தம்?

வந்து பார். முடிந்தால் சர்வர் பழுது என்று ஒரு வரி எழுதிக் கொடு. மெஷின்மேல் பழி விழுந்தால் அது அழாது.

அருள்


மஞ்சக்குப்பம், கடலூர்
நவம்பர் 21

அன்புள்ள அருள்மொழி,

நேற்று முழுவதும் சர்வரைப் பார்த்தேன். நீ புதுச்சேரிக்குப் போயிருந்தாய். பார்த்ததை எழுதுகிறேன்.

டிஸ்க்குகள் நன்றாக இருக்கின்றன. பதிவுகள் சிதையவில்லை. வைரஸ் இல்லை. வெளியிலிருந்து யாரும் நுழையவில்லை.

உன் சாப்ட்வேர் ஒரு ரிப்போர்ட்டை அச்சிடும்போது, அந்த நோயாளியின் பெயரில் தேதிப்படி கடைசியாக உள்ள எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளும். தாளின் தலைப்பில் அச்சிடும் நாளின் தேதி விழும். பவானியின் பெயரில் நவம்பர் 13, வியாழக்கிழமை, எந்தப் பதிவும் இல்லை. ஆகவே புதன்கிழமையின் எண்ணிக்கை வியாழக்கிழமைத் தேதியோடு வெளிவந்திருக்கிறது. ரத்தம் எண்ணும் மெஷின் அன்றன்றைக்கு உள்ளதை மட்டுமே தன்னிடம் வைத்திருக்கும், அதைக் கேட்டுப் பயனில்லை. சர்வர் எந்த எண்ணையும் மாற்றவில்லை. உள்ளே வராத ஒன்றை அதனால் வெளியே கொடுக்க முடியாது.

சர்வர் பழுது என்று எழுதித் தரக் கேட்டிருந்தாய். எழுத முடியாது.

முன் மேசைக் கம்ப்யூட்டர் வெளியே தள்ளுவதற்குக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. ஏற்கெனவே சுவிட்சையும் யூபிஎஸ் பேட்டரியையும் மாற்றிவிட்டேன். நேற்று கேபிளையும் மாற்றினேன். இதற்கும் ரிப்போர்ட்டுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை.

அந்தப் பெண் குணமாக வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்கு ஜெபம் செய்து பழக்கம் விட்டுப்போய்விட்டது.

ச. பெலிசியா
கணினி ஆலோசகர்


சிதம்பரம்
நவம்பர் 24

பெலிசியா,

பவானி சனிக்கிழமை காலையில் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தாய்மாமன் கண்ணாயிரம் ஆட்களோடு வந்தார். நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளில் எல்லாம் அவர்கள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "யாரு பண்ணது? பேரச் சொல்லுங்க, போறோம்" என்று மட்டும் கேட்டார்.

என் கையில் உன் கடிதம்தான் இருந்தது. சத்தமாகப் படித்தேன். "உள்ளே வராத ஒன்றை அதனால் வெளியே கொடுக்க முடியாது." அந்த வரி முடிந்ததும் எல்லோரும் வைத்திலிங்கத்தைப் பார்த்தார்கள். வியாழக்கிழமை ரத்தத்தை அவர் மெஷினில் வைக்கவே இல்லை, புதன்கிழமைக் கணக்கை அப்படியே விட்டுவிட்டார், பிறகு பயந்துபோய் முப்பத்தோராயிரம் என்று கதை கட்டினார் என்றுதானே அதற்கு அர்த்தம்? அவரிடம் கேட்டேன். "கம்ப்யூட்டரு சொல்லிடுச்சி, அப்புறம் எங்கிட்ட என்னா கேள்வி" என்றார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி, மடித்து, மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

போலீசில் அவர் பெயரில் புகார் கொடுத்திருக்கிறார்கள். என் வாக்குமூலமும் வேண்டுமாம். இனி இந்த ஊரில் எந்த லேபும் அவரை எடுக்காது.

நீ எனக்கு எழுதினாயா, இல்லை ஏதாவது ஆபீசுக்கா? கீழே "கணினி ஆலோசகர்" என்று வேறு. என் வீட்டுக்காரர் இறந்தபோது நீ வந்து என் பக்கத்தில் ஒரு நாள் பூராவும் பேசாமல் உட்கார்ந்திருந்தாய். அந்தப் பெலி எங்கே போனாள்? அண்ணி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. "நான் ஒரு போன் பண்ணியிருந்தா" என்று சொல்லிச் சொல்லி அழுகிறார்கள்.

உன் வேலை சுத்தமாக இருக்கிறது. வாழ்த்துகள்.

அருள்மொழி


மஞ்சக்குப்பம்
நவம்பர் 27

அருள்மொழி,

நான் எழுதியது: வியாழக்கிழமை பதிவு இல்லை.

நான் எழுதாதது: வைத்திலிங்கம் ரத்தத்தை மெஷினில் வைக்கவில்லை.

இரண்டாவதைச் சேர்த்துக்கொண்டது நீ. ஆனால் சேர்த்துக்கொள்ளும்படி எழுதியது நான். அந்த வரியை எழுதும்போது எனக்குத் திருப்தியாக இருந்தது. திருப்தி தருகிற வரியைச் சந்தேகப்பட வேண்டும் என்று மற்றவர்களிடம் சொல்கிறவள் நான்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதே. நான் மறுபடியும் சர்வரைப் பார்க்க வேண்டும். எந்த நாள் என்று சொல், வருகிறேன்.

பவானியைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை. இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

பெலிசியா


சிதம்பரம்
டிசம்பர் 1

பெலிசியா,

நீ வர வேண்டாம். கையெழுத்துப் போட எட்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். போடத்தான் போகிறேன். கண்ணாயிரத்தின் ஆட்கள் தினமும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். லேபுக்கு வருகிறவர்கள் அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். ஏதோ ஒரு இடத்தில் இது முடிய வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து வேறு ஒருவரைப் பேசிவிட்டேன். அவரும் எட்டாம் தேதிதான் வருகிறார். சர்வரைச் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடப் போகிறாராம். நீ ஆறு மாதமாகக் கண்டுபிடிக்காததை அவர் போனிலேயே கண்டுபிடித்துவிட்டார்: "சாப்ட்வேர் பழசும்மா, தூக்கிப் போட்டுடலாம்." போன வெள்ளிக்கிழமைகூட, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, முன் மேசைக் கம்ப்யூட்டர் எங்களை வெளியே தள்ளியது. வைத்திலிங்கமும் இல்லை, நீ மாற்றிய புதுக் கேபிளும் இருக்கிறது. பிறகு தானே சரியாகிவிட்டது. உன் கேபிளுக்கு நன்றி.

அருள்மொழி


மஞ்சக்குப்பம்
டிசம்பர் 4

அருள்,

இதைக் கூரியரில் விடாமல், சிதம்பரம் வரும் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். எட்டாம் தேதிக்குள் நீ படித்தாக வேண்டும். கோபத்தில் மடித்து வைத்துவிடாதே.

நீ எழுதிய அதே வெள்ளிக்கிழமை, 28ஆம் தேதி, மழையோடு மழையாக மைதானத்துக்குப் பக்கத்தில் செந்தமிழ்செல்வன் கடைக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் சாமான் எல்லாம் அவரிடம்தான் வாங்குவேன். வேறு ஒரு வாடிக்கையாளருக்காக ஒரு டிஸ்க் சொல்லி வைத்திருந்தேன்.

"டிஸ்க் வந்துடுச்சி மேடம். ஆனா உங்க பார்ட்டி இன்னிக்கி வேணாம்னுட்டாரு."

"ஏன்?"

"இன்னிக்கி அஷ்டமி, நாளைக்கி நவமி. புதுச் சாமான் எறக்க மாட்டாராம். பில்லு மட்டும் நேத்து தேதியில வேணும்னாரு. கம்ப்யூட்டர்ல தேதியத் திருப்பி வச்சி அடிச்சிட்டேன். உங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது? ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் உங்களுக்கு நாளு."

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்து மறந்துவிட்டேன். உன் கடிதத்தில் "போன வெள்ளிக்கிழமை" என்று படித்தபோது அது திரும்பி வந்தது. ஜூன் மாதத்திலிருந்து நீ எழுதிய புகார்களை எடுத்தேன். கீழ்வீட்டுப் பிரிசில்லாவிடம் தினசரிக் காலண்டர் கேட்டேன். கிழித்த தாள்களை மளிகைக் கணக்கு எழுத அவள் சேர்த்து வைத்திருந்தாள். "அஷ்டமி நவமியெல்லாம் ஒனக்கு எதுக்கு, மதம் மாறப்போறியா?" என்று கேட்டாள். நீ எழுதிய ஒவ்வொரு நாளும் அஷ்டமி அல்லது நவமி. நவம்பர் 13 நவமி. அதற்கு முந்தைய நாள் அஷ்டமி.

முன் மேசைக் கம்ப்யூட்டரின் மணியும் சர்வரின் மணியும் பொருந்தாவிட்டால் சர்வர் அதை உள்ளே விடாது. பொருந்தியதும் விடும். ஆறு மாதமாக நான் கம்பியையும் பேட்டரியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ சர்வரின் கடிகாரத்தைத் திருப்பி வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சரியாக வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படி ஒரு தேவை ஒரு மனிதருக்கு வரும் என்று எனக்குத் தெரியாது.

நேற்று அண்ணாகிராமம் போனேன். வைத்திலிங்கம் தன் தம்பியின் முந்திரிக் கொட்டகையில் இருக்கிறார். உட்காரச் சொல்லவில்லை.

"என்னா, இன்னும் ஏதாவது எழுதணுமா எம்மேல?"

"நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்க வந்தேன்."

"அத மொதல்லியே கேக்குறதுக்கு என்னா? நாள் பூரா சர்வருகிட்ட ஒக்காந்திருந்தீங்க. பக்கத்து ரூம்ல நான் இருந்தேன். ஒரு வார்த்த கேட்டீங்களா? அதுக்கு வாயில்ல, எனக்கு இருக்கு."

பிறகு அவரே சொன்னார். முப்பத்தோராயிரம். சந்தேகம் வந்து இன்னொரு தடவை ஓட்டியிருக்கிறார். அதே எண். பிறகுதான் சர்வருக்கு அனுப்பியிருக்கிறார். அந்த நேரத்தில்தான் முன்னால் கம்ப்யூட்டர் தள்ளிவிட்டது என்று சத்தம் கேட்டிருக்கிறது.

இப்போது நான் நினைப்பதை எழுதுகிறேன். இது நினைப்பு, பார்த்தது அல்ல. பார்க்க வேண்டியது நீ. வியாழக்கிழமை சர்வரின் கடிகாரம் செவ்வாய்க்கிழமைக்குத் திருப்பப்பட்டிருந்த அந்தச் சில நிமிடங்களில், மெஷினிலிருந்து பவானியின் முப்பத்தோராயிரம் உள்ளே வந்திருக்க வேண்டும். சர்வர் அதைச் செவ்வாய்க்கிழமையில் போட்டிருக்கும். பிறகு அச்சிடும்போது தேதிப்படி கடைசியாகத் தெரிந்தது புதன்கிழமைதான். நான் வியாழக்கிழமையை மட்டும் திறந்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமையைத் திறக்கவில்லை.

நவம்பர் 11ஐத் திற. பவானியின் பெயரைத் தேடு. ஒரு பதிவு இருந்தால் நான் மறுபடியும் தவறு செய்துவிட்டேன். இரண்டு இருந்தால் வைத்திலிங்கம் சொன்னது உண்மை.

கடிகாரத்தைத் திருப்பியது யார் என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டுக்குள் வந்து கேட்க எனக்கு உரிமை இல்லை.

பெலி


சிதம்பரம்
டிசம்பர் 6

பெலி,

இரண்டு இருக்கின்றன.

இரண்டாவது முப்பத்தோராயிரம். நான் திரையைத் தொட்டுப் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை.

அண்ணியிடம் கேட்டேன். மறைக்கவில்லை, பெலி. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கறிவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னார்கள்.

"ஆமா, மாத்துவேன். ஆடிக்கி முன்னாடி ஒரு பொண்ணு வந்துது பாரு, பதினோரு வருசமா புள்ள இல்லாம. இருக்குன்னு வந்துடுச்சி ரிசல்ட்டு. அன்னிக்கி நவமி. அந்தத் தேதி போட்ட தாள வாங்க மாட்டேன்னு கையப் பின்னாடி கட்டிக்கிச்சி. கண்ணுல தண்ணி. நல்ல சேதிக்கி நல்ல நாளு போட்டுக் குடுத்தா நமக்கு என்னா கொறஞ்சிப்போவுது? அப்புறம் ஒருத்திக்கி ஒருத்தி சொல்லி வந்துதுங்க."

"யாரு அண்ணி இத ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"ஒன் சிநேகிதிதான். கரண்டு போயி வந்தா மணி சரியா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா இப்பிடி மாத்துங்கன்னு காட்டிட்டுப் போச்சே. அஞ்சி நிமிசம் மாத்துவேன், சர்வருலேர்ந்தே அடிச்சிக் குடுப்பேன், திருப்பி வச்சிடுவேன். யாருக்கு என்னா கெடுதி?"

பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள். கறிவேப்பிலையைக் கீழே வைத்தார்கள். "அந்த ஸ்ரீமுஷ்ணத்துப் பொண்ணா?" என்று கேட்டார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

எனக்குத் தெரியுமா என்று நீ கேட்பாய். தெரியாது. ஆனால் ஆடியிலிருந்து எங்கள் லேபுக்குக் கைராசி என்று பெயர் வந்தது. காட்டுமன்னார்கோயிலிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். பிறகு கல்கண்டும் பூவும் கொண்டுவந்து அண்ணி காலில் விழுந்தார்கள். அந்தக் கல்கண்டை நானும் தின்றேன். எதற்கு இந்தக் கைராசி என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

இப்போது சொல். என் வீட்டுக்காரர் போனபிறகு, நான் இந்த லேபை மூடிவிடுகிறேன் என்று சொன்னபோது, தன் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு முன் மேசையில் உட்கார்ந்தவர்கள் அண்ணி. அறுபத்து மூன்று வயது. அவர்களைப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைக்கவா?

எட்டாம் தேதி அந்த ஆள் வந்து எல்லாவற்றையும் அழிக்கப் போகிறார். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும். உன் கடிதம் ஒன்றுதான் மிச்சம். அதைக் கிழித்துவிட்டால், தெரிந்தவர்கள் நீயும் நானும் அண்ணியும். வைத்திலிங்கத்துக்கு வேறு ஏதாவது வழி செய்துகொடுக்கிறேன். பணமாகவோ, வேலையாகவோ. நீ பேசாமல் இருப்பாயா?

உடனே பதில் எழுது. கொண்டுவருகிற ஆளை அங்கேயே காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

அருள்


மஞ்சக்குப்பம்
டிசம்பர் 6, மாலை

அருள்,

நீ அனுப்பிய ஆள் வாசலில் நிற்கிறார். ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

பேசாமல் இருக்க மாட்டேன். ஆனால் உனக்கு முன்னால் பேசவும் மாட்டேன்.

என் முதல் கடிதத்தை நீ எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தாய். நான்காம் தேதிக் கடிதத்தையும் அதே இடத்தில், அதே சத்தத்தில் படி.

கடிகாரத்தை யாரும் தொட முடியாதபடி பூட்டி வைக்க வழி இருந்தது. நான் பூட்டவில்லை. மாற்றுவது எப்படி என்று காட்டிக்கொடுத்ததும் நான்தான். இதையும் சேர்த்துப் படி. போலீசில் நானே எழுதிக் கொடுக்கிறேன். அண்ணி உட்காரும் பெஞ்சில் எனக்கும் இடம் இருக்கும்.

புதுச்சேரிக்காரரை வர வேண்டாம் என்று சொல்.

பெலி


சிதம்பரம்
டிசம்பர் 13

பெலி,

படித்துவிட்டேன்.

முதலில் நானே அண்ணாகிராமம் போய் வைத்திலிங்கத்தை அழைத்தேன். வந்தார். "உள்ள வரல, வெளியிலியே நிக்கிறேன்" என்று வாசல்படியில் நின்றார். கண்ணாயிரமும் அவர் ஆட்களும் அதே நாற்காலிகளில். அண்ணி தன் இடத்தில் உட்காரவில்லை. ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

பாதியில் நிறுத்தினேன். "நிறுத்தாத, படி" என்றார்கள் அண்ணி.

முடிந்ததும் கண்ணாயிரம் அண்ணியைப் பார்த்துக் கேட்டார். "அப்ப போன் பண்ணுங்கன்னு அந்தாளு சொன்னது நெசமா?"

"நெசம்."

"நீங்க பண்ணல."

"பண்ணல."

கண்ணாயிரம் எழுந்து வாசலுக்குப் போனார். அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். வைத்திலிங்கத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வைத்திலிங்கமும் உள்ளே வராமலே போய்விட்டார். கோட் இன்னும் மெஷின்மேல்தான் இருக்கிறது.

புகாரில் பெயர் மாறுகிறது. என் பெயரும் அண்ணியின் பெயரும். லேபை விசாரணை முடியும்வரை மூடச் சொல்வார்கள் என்கிறார் வக்கீல். செவ்வாய்க்கிழமை இருவரும் ஸ்டேஷனுக்குப் போகிறோம்.

நேற்று ஸ்ரீமுஷ்ணம் போனோம். அண்ணி தானும் வருவேன் என்றார்கள். சின்னம்மாள் கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எம்பொண்ணுக்கு அன்னிக்கி எவ்ளோ இருந்துச்சி?"

"முப்பத்தோராயிரம்."

"அத ஒரு தாள்ல போட்டுக் குடுங்க. வியாழக்கெழமன்னு போட்டு. பொய்த் தாளு ஒண்ணு எங்கிட்ட இருக்கு. நெசத் தாளு வேணும்."

திரும்பி வந்து அச்சிட்டுப் பார்த்தேன். அச்சிடுகிற நாளின் தேதியோடு அதே புதன்கிழமை எண்ணிக்கைதான் வருகிறது. உண்மையான தேதி வர வேண்டும் என்றால், அந்த எண்ணை மறுபடி உள்ளே ஏற்றி, கடிகாரத்தை நவம்பர் 13க்குத் திருப்பி வைக்க வேண்டும். அண்ணி செய்த அதே வேலை. ஒரு தாய் கேட்கிறாள். என்ன செய்யட்டும்?

அருள்


சிதம்பரம், லேபிலிருந்து
டிசம்பர் 16

அருள்,

நீயும் அண்ணியும் ஸ்டேஷனில் இருக்கிறீர்கள். நான் காலையிலேயே என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டு இங்கே வந்தேன். நீ திரும்பி வரும்போது நான் கிளம்பியிருப்பேன். அதனால் இதை உன் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

கடிகாரத்தைப் பூட்டிவிட்டேன். இனி என்னால்கூட இங்கே உட்கார்ந்து அதைத் திருப்ப முடியாது. விசாரணைக்காகச் சர்வரின் முழுப் பிரதி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமையில் கிடக்கும் அந்த எண்ணை நான் தொடவில்லை. அது விழுந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ரிப்போர்ட் தாளில் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறேன். ரத்தம் எடுத்த நாள் என்று ஒன்று, அதை யாராலும் மாற்ற முடியாது. அதற்குக் கீழே, பெற்றுக்கொண்ட நாள் என்று ஒரு காலி இடம். அதில் வாங்குகிறவர் தன் கையால் விரும்பிய நாளை எழுதிக்கொள்ளலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டே இருந்தேன். லேப் மறுபடி திறந்தால் அவளைப் போல யாராவது வருவார்கள்.

சின்னம்மாள் கேட்ட தாளுக்காகக் கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. எண்ணியவர் இருக்கிறார். நேற்று மறுபடியும் அண்ணாகிராமம் போய்க் கேட்டேன். "அந்தம்மாவுக்குன்னா வரேன். ஒங்களுக்காவ இல்ல" என்றார். இன்று வந்தார். கோட்டைப் போட்டுக்கொள்ளவில்லை, அதை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டே எழுதினார். லேபின் பெயர் போட்ட வெறுந்தாளில், கையால். பெயர் பவானி. வயது இருபத்திரண்டு. ரத்தம் எடுத்த நாள் நவம்பர் 13, வியாழக்கிழமை. பிளேட்லெட் முப்பத்தோராயிரம். கீழே கையெழுத்து, பக்கத்தில் இன்றைய தேதி.

எண்ணிக்கை இவ்வளவு இறங்கினால் தாளின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதுவது அவர் வழக்கமாமே. எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தாள் அவர் கைக்கு வராமலே முன் மேசையிலிருந்து போய்விட்டிருக்கிறது. இன்று கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. "உடனே டாக்டரிடம் காட்டவும்" என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார். பிறகுதான் என்ன எழுதினோம் என்று பார்த்தார்.

வேறு தாள் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். அன்னிக்கி எழுத வேண்டியது இதான்" என்றார்.

மை காயும்வரை தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மடிக்காமல் ஒரு உறையில் போட்டு, மழைக்காகச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்குப் போனார்.

பெலி